மூணு தள்ளு

பட்டைக்காரரின் பட்டறையில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று உண்டு. லாரியின் முன்பக்கத்தை ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சேஸ் என்கிற அடிச்சட்டத்துக்கு இரண்டு பக்கமும் முட்டாக ஸ்டாண்டு வைத்து, ஜாக்கியை இறக்கி வண்டியை ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்த பிறகு, அவர் மனைவி வந்து மூன்று தடவை தள்ளிப் பார்க்க வேண்டும். தோளைக் கொடுத்து ஒன்று. திரும்பி நின்று முதுகைக் கொடுத்து ஒன்று. கடைசியாக இரண்டு கையையும் பம்பரில் ஊன்றி, காலைத் தரையில் உதைத்து, மூச்சைப் பிடித்து ஒன்று. மூன்றுக்கும் வண்டி அசையவில்லை என்றால் "போங்க" என்பாள். அந்தச் சொல் வரும்வரை ஒருத்தரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. முதலாளி போனில் கத்தினாலும் சரி, டிரைவர் தலைகீழாக நின்றாலும் சரி.

லாரிக்காரர்கள் அவளுக்குத் தள்ளக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆளும் கொஞ்சம் கனம்தான். தள்ளக்கா தள்ளி நின்ற வண்டியைப் புயலே வந்தாலும் அசைக்க முடியாது என்று டீக்கடையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அது அவள் காதுக்கும் வரும்.

"சிரிங்க சிரிங்க. அடியில படுத்திருக்கிறது உங்க வீட்டு ஆளு இல்ல, எங்க வீட்டு ஆளு," என்பாள். அதற்குமேல் யாரும் வாயைத் திறப்பதில்லை.

சட்டம் வந்த கதையும் எல்லாருக்கும் தெரியும். கல்யாணமான முதல் வருஷம். மதியச் சோற்றைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். அவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கை கழுவப் போனார். வெயிலில் நடந்து வந்த களைப்பில் அவள் சும்மா பம்பரில் சாய்ந்தாள். சாய்ந்ததுதான் தாமதம், லாரி ஸ்டாண்டிலிருந்து நழுவி 'தொம்' என்று உட்கார்ந்தது. அவர் ஒரு நிமிஷம் முன்னால் வரை படுத்திருந்த பலகை சிலாம்பு சிலாம்பாகக் கிடந்தது. சோற்றுப் பாத்திரம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அன்று ராத்திரியே சட்டம் போட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாயிற்று. அவர் ஒரு நாளும் அதை மீறியதில்லை. கேலி மட்டும் செய்வார், அதுவும் அவள் காது கேட்க.

அந்த வாரம் முழுக்க மழை. ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்காமல், விட்டு விட்டு, அழுமூஞ்சிப் பிள்ளை மாதிரி நச்சரித்துக்கொண்டே இருந்தது. பட்டறையின் தகரக் கூரையில் நாலு இடத்தில் ஒழுகியது. நாலுக்கும் நாலு கிரீஸ் டப்பா. பட்டறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இவர்கள் இருக்கும் இரண்டு அறை. மாடியில் ஒற்றை அறை. அதில் அவருடைய தங்கச்சி தையல் மெஷின் போட்டிருந்தாள். மெஷின் சத்தம் நின்றால், அவள் டீ போடுகிறாள் என்று அர்த்தம்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு அரைமணி வந்து நின்றான். அவன் லாரி டிரைவர். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாலும் அரைமணியில் வந்துவிடுவேன் என்பான். எவ்வளவு நேரமாகும் என்று மெக்கானிக்கைக் கேட்டுவிட்டு, பதிலையும் அவனே அரைமணி என்று சொல்லிக்கொள்வான். அதனால் வந்த பேர். அவன் வண்டி இடது பக்கம் முன்னால் சரிந்து, ஒரு கால் நொண்டுகிற ஆள் மாதிரி உள்ளே வந்தது.

"மெயின் பட்டை போச்சுண்ணே," என்று இறங்கினான். "பள்ளம்னு தெரியாம விட்டுட்டேன். தண்ணி நிறைஞ்சு கிடந்துச்சு. சாயந்தரம் நாலு மணிக்கு மாவு மில்லுல லோடு ஏத்தணும். ஒரு அரைமணியில..."

"அரைமணியில நீ டீ குடிச்சு முடிச்சாலே பெரிசு," என்றார் பட்டைக்காரர்.

பட்டை என்பது முன்சக்கர அச்சுக்கு மேலே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வில் மாதிரி வளைத்துக் கட்டியிருக்கும் இரும்புத் தகடுகள். வண்டியின் பாரத்தை அவைதான் தாங்குகின்றன. அந்த அச்சோடு, அதாவது ஆக்சிலோடு சேர்த்து, நாலு நட்டு போட்ட இரண்டு யூ போல்ட் அவற்றை முடுக்கி வைத்திருக்கும். மேல் தகடு உடைந்தால் மொத்த அடுக்கையும் கழற்றி, புதுத் தகடு சேர்த்து, திரும்ப மாட்ட வேண்டும். அதற்கு வண்டியின் மூக்கை அந்தரத்தில் நிறுத்தியாக வேண்டும். இந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. அதனால்தான் அவர் பட்டைக்காரர்.

அவள் எப்போதும்போல் பின்சக்கரத்திலிருந்து ஆரம்பித்தாள். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று ஏறிப் பார்த்தாள். பின்சக்கரங்களுக்கு முன்னால் ஒரு மரக்கட்டை, பின்னால் ஒரு மரக்கட்டை, காலால் உதைத்து இறுக்கினாள். பின்னால் ஏறித் தார்ப்பாயைத் தூக்கி, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் இறங்கினாள்.

"காலி வண்டின்னு சொன்னேன்லக்கா," என்றான் அரைமணி.

"நீ சொன்னே. போன தடவையும் காலின்னுதான் சொன்னே. உள்ள பதினெட்டு மூட்டை இருந்துச்சு."

"அது பழைய கதைக்கா."

"எனக்கு அது புதுசாவே இருக்கு."

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொண்டார்கள். ஜாக்கிக்கு அடியில் இரும்புத் தகடு, ஸ்டாண்டு நிற்கப்போகும் இரண்டு இடத்திலும் இரும்புத் தகடு. மழை ஈரத்தில் சிமென்ட் தரை அங்கங்கே பொரிந்து கிடந்தது. சும்மா வைத்தால் ஸ்டாண்டின் கால் ஒரு பக்கம் அமுங்கிவிடும். அவர் ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்தார். அரைமணி ஜாக்கித் தண்டை அடித்தான். வண்டியின் மூக்கு முனகிக்கொண்டே எழுந்தது. அவர் பக்கவாட்டிலிருந்து கையை மட்டும் நீட்டி, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, ஸ்டாண்டுகளை சேஸுக்கு நேராகத் தள்ளி நிறுத்தினார். "இறக்கு, மெதுவா," என்றார். ஜாக்கி இறங்கியது. வண்டி உட்கார்ந்தது.

அவர் சக்கரம் வைத்த பலகையை இழுத்துப் போட்டு, படுக்கத் தோதாக அதில் உட்கார்ந்துகொண்டார். "வாம்மா தள்ளக்கா. உன் பூஜையை முடி," என்றார்.

அவள் தோளைக் கொடுத்தாள். அசையவில்லை. முதுகைக் கொடுத்தாள். அசையவில்லை. கையை ஊன்றி, காலை உதைத்து, மூச்சைப் பிடித்தாள்.

'கடக்' என்றது. இடது பக்கம் ஒரு விரல்கடை இறங்கி, வண்டி லேசாகச் சாய்ந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடி ஓய்ந்தது.

அரைமணி கையில் வைத்திருந்த ஜாக்கித் தண்டைத் தரையில் வைத்தான். வைப்பதற்கே அவனுக்குப் பயமாக இருந்தது போல.

"எழுந்திரிங்க," என்றாள் அவள். "பலகையை விட்டு எழுந்து இந்தப் பக்கம் வாங்க."

எழுந்து வந்தார். அவள் டார்ச்சை வாங்கி, தள்ளி நின்றபடியே குனிந்து பார்த்தாள். ஸ்டாண்டின் தலை சேஸின் தட்டையான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. பக்கத்தில் புடைத்திருந்த ஒரு போல்ட்டின் தலைமேல் வைத்திருக்கிறார். தள்ளியதும் அதிலிருந்து வழுக்கி, இப்போது ஓரத்தில் தொற்றிக்கொண்டு நின்றது. புதுசாக வேலை கற்றுக்கொள்கிறவன்கூட அந்த இடத்தில் வைக்க மாட்டான். இவருக்குக் கையில் இரும்பைத் தொட்டாலே எந்த வண்டி, எந்த வருஷம் என்று தெரியும்.

"எங்க வெச்சிருக்கீங்க, பாருங்க."

அவர் குனிந்தார். தலையை நேராக வைத்துப் பார்க்கவில்லை. இடது பக்கம் திருப்பி, கோழி தரையில் கிடக்கும் அரிசியைப் பார்க்கிற மாதிரி, வலது கண்ணால் பார்த்தார். "ஈரம். வழுக்கியிருக்கும்," என்றார்.

அவளுக்கு அடுக்கடுக்காக நினைவு வந்தது. போன மாதம் டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றியது. ஸ்கூட்டரைக் கேட் தூணில் இடித்துவிட்டுத் தூணைத் திட்டியது. சாப்பிட உட்கார்ந்தால் அவளைத் தனக்கு வலது பக்கம் வந்து உட்காரச் சொல்வது. அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு அவள் உள்ளுக்குள் குளிர்ந்து வேறு போயிருந்தாள்.

அவள் ஒரு ஸ்பானரை எடுத்து, அவருக்கு இடது பக்கம் போய் நின்றாள். கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அதை நீட்டினாள். அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பானர் அங்கேயே இருந்தது. அரைமணி அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு கூரை ஒழுகுவதைப் பார்க்கத் தொடங்கினான்.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஸ்பானர் மூக்கில் இடிக்கப் பார்த்தது.

"என்ன எத்தனை நாளா?"

"இடது கண்ணு எத்தனை நாளா தெரியல?"

"யாரு சொன்னா? நல்லாத் தெரியுது. கொஞ்சம் புகை மாதிரி இருக்கு. மழைக்காலம்ல."

"மழைக்காலம் கண்ணுக்குள்ளயா பெய்யுது?"

மாடியில் மெஷின் சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது. நாத்தனார் நாலு டம்ளர் டீயோடு படி இறங்கி வந்தாள். கீழே நிலவரம் சரியில்லை என்று கடைசிப் படியிலேயே தெரிந்துவிட்டது. திரும்பி ஏறலாமா என்று அவள் யோசித்ததை அண்ணி பார்த்துவிட்டாள்.

"நில்லு. உனக்குத் தெரியுமா?"

"என்ன அண்ணி?"

"உங்க அண்ணன் கண்ணு."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் கூடாது என்று கண்ணைக் காட்டினார். அதையும் அந்த நல்ல கண்ணால்தான் காட்டினார்.

"அண்ணி, நான் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அண்ணன் என்கிட்ட தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. என் தலையில அடிச்சிருந்தாக்கூட சொல்லியிருப்பேன். உங்க தலைன்னு சொல்லி இல்ல வாங்குனாரு."

"எத்தனை நாளாச்சு?"

"நாலு மாசம்."

"நாலு மாசமா." அவள் டீயை வாங்கி அப்படியே கிரீஸ் டப்பா பக்கத்தில் வைத்தாள். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்க. அண்ணனும் தங்கச்சியும் நல்லா இருங்க."

"கண்ணாடிக் கடைக்குப் போனேன்," என்றார் அவர், தரையைப் பார்த்து. "புரை விழுந்திருக்குன்னான். ஆஸ்பத்திரிக்குப் போனா சின்ன ஆபரேஷன்தானாம். போலாம்னு பார்த்தேன். வேலை மேல வேலை வந்துச்சு."

"வேலையா? நீங்க செத்திருந்தா எந்த வேலை வந்து அழும்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க. தட்டுத் தடுமாறித் தடவித் தடவி ஸ்டாண்டு வெச்சுட்டு, அடியில போய்ப் படுப்பீங்க, இல்ல? நாலு மாசமா எத்தனை வண்டி? நான் கையை ஊன்றித் தள்ளிட்டு, போங்க போங்கன்னு சொல்லிக்கிட்டிருந்திருக்கேன்."

அவள் அழக்கூடாது என்று நினைத்தாள். அழுதால் கோபம் போய்விடும், கோபம் போனால் இந்த மனிதரிடம் ஒன்றும் நடக்காது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு டார்ச்சை அணைத்தாள்.

அரைமணிதான் பாவம். அவன் மெதுவாக, "நான் வேணா வண்டிய வேற இடத்துக்கு..." என்றான்.

"உடைஞ்ச பட்டையோட எங்க கொண்டு போவே? அடுத்த பள்ளத்துல ஸ்டியரிங்கு போயிடும்," என்றார் பட்டைக்காரர். "நான் முடிச்சுத் தரேன். ஸ்டாண்டை அவ வெக்கட்டும். நான் கீழே போறேன். கழட்டுறதுக்குக் கண்ணு வேணாம், கை போதும்."

"நான் தள்ள மாட்டேன்," என்றாள் அவள்.

"என்னது?"

"உங்களுக்காக இனிமே இந்தக் கையால ஒரு வண்டியையும் தள்ள மாட்டேன். சட்டம் என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

அப்புறம் அவள் செய்ததை அரைமணி பல ஊரில் பல டீக்கடையில் சொல்லியிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி. நடந்தது இவ்வளவுதான். அவள் போய் அந்தப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் போறேன்," என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"இருபத்திரெண்டு வருஷமா யாரு உங்களுக்கு சாமான் எடுத்துக் குடுக்கிறது? எந்த நட்டு எங்க இருக்கு, எந்தப் பக்கம் திருகணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். தெரியாததை நீங்க சொல்லுங்க. வாய் நல்லாத்தானே இருக்கு?"

நாத்தனார் ஓடிப்போய் அண்ணனுடைய காக்கி பேண்ட்டையும் சட்டையையும் கொண்டுவந்தாள். சட்டை ஏறியது. பேண்ட் இடுப்பில் மாட்டேன் என்றது. பின்பக்கத் தையலைப் பிரித்து, நடுவில் ஒரு துண்டுத் துணி வைத்து, கால் மணி நேரத்தில் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "நாலு மாசத்துக்குப் பரிகாரம்," என்றாள். அண்ணி சிரிக்கவில்லை. ஆனாலும் வாங்கி உடுத்திக்கொண்டாள்.

வண்டியைத் திரும்பத் தூக்கினார்கள். யாரும் கிட்டே போகாமல், நீளத் தண்டால் ஜாக்கியை அடித்து, சாய்ந்த பக்கத்தை ஸ்டாண்டிலிருந்து விடுவித்தார்கள். இந்தத் தடவை ஸ்டாண்டை அவள் வைத்தாள். சேஸின் தட்டை இடத்தைத் துணியால் துடைத்தாள், டார்ச் அடித்தாள், இரண்டு பக்கமும் நடுவாக நிறுத்தி, பின்னை மாட்டி, இழுத்துப் பார்த்தாள். இறக்கினார்கள். வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுத்தார்கள். இடது சக்கரத்தைக் கழற்றினார்கள். கழற்றிய சக்கரத்தையும் சேஸுக்கு அடியில் படுக்கவைத்தாள். ஸ்டாண்டு ஏமாற்றினாலும் சக்கரம் தாங்கும்.

"தள்ளுங்க," என்றாள்.

"நானா?"

"நீங்கதான். நான் அடியில போறேன்னா, நீங்கதானே தள்ளணும்."

அவர் பம்பருக்கு முன்னால் போய் நின்றார். தோளைக் கொடுத்தார். முதுகைக் கொடுத்தார். கையை ஊன்றித் தள்ளினார். வண்டி கல் மாதிரி நின்றது. அவள் பலகையில் படுத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாள். சொல் வரவில்லை. அவர் மறுபடியும் தோளிலிருந்து ஆரம்பித்தார். மூன்றும் ஆனது. மறுபடியும் மூன்று. மறுபடியும் மூன்று. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"அண்ணே, பன்னெண்டாச்சு," என்றான் அரைமணி.

"மணியா?"

"பன்னெண்டு தள்ளுண்ணே."

"நீ வாயை மூடு." அவர் குனிந்து அவளைப் பார்த்தார். "இந்தா, வேணாம்மா. நாளைக்கு யாரையாவது ஆள் பிடிச்சுக்கலாம்."

"அவன் சாயந்தரம் லோடு ஏத்தணும். சொல்லுங்க."

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"சொல்லுங்கன்னா."

"போ," என்றார். பம்பரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

அவள் உள்ளே உருண்டாள். வெளியிலிருந்து பார்க்கும்போது வண்டிக்கு அடி சின்ன இடமாகத் தெரியும். உள்ளே போனால் அது வேறு ஒரு வீடு. தலைக்கு மேலே கருப்பு இரும்பு, சேறு காய்ந்த வாடை, எண்ணெய் வாடை. மழைத் தண்ணீர் எங்கிருந்தோ ஒரு சொட்டு காதுக்குள் விழுந்தது. மூச்சை இழுத்தாள். இரும்பு முகத்துக்கு நேராக இறங்கி வருவது போல இருந்தது. வரவில்லை. நன்றாகப் பார்த்தாள், வரவில்லை. இந்த மனிதர் இத்தனை வருஷமாக இங்கே படுத்துக்கொண்டு பாட்டு வேறு முணுமுணுப்பாரே என்று நினைத்தாள்.

அப்போது அவள் வலது கணுக்காலை ஒரு கை பிடித்தது.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு."

"காலை விடுங்க."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். ஏதாவது ஆச்சுன்னா ஒரே இழுப்பு, வெளிய வந்துடுவே."

"என்னை ஒரே இழுப்புல இழுக்க நாலு ஆளு வேணும்."

"நான் இழுப்பேன்."

அவள் விட்டுவிட்டாள். யூ போல்ட் நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தாள். பாக்ஸ் ஸ்பானரைப் போட்டு இழுத்தாள். கிரீச்சென்றது.

"அந்தச் சத்தம் சரியில்ல," என்றார் வெளியிலிருந்து. "ஸ்பானர் முழுசா உக்காரல. எடுத்துட்டு, சேறைக் கிளறிட்டுப் போடு."

கிளறினாள். போட்டாள். இந்தத் தடவை சத்தம் வேறாக இருந்தது. "இப்ப சரி," என்றார். அவர் சொன்னதற்குப் பிறகுதான் நட்டு அசைந்தது. கண் தெரியாவிட்டாலும் காது காதாகவே இருந்தது. அவளுக்கு அதில் ஒரு பெருமை வந்தது. வந்த பெருமையை அடக்கிக்கொண்டாள். இன்னும் கோபமாகத்தான் இருந்தாள்.

ஒன்று கழன்றது. இரண்டு கழன்றது. ஸ்பானரின் பிடியில் குழாயைச் சொருகி இழுத்ததில் மூன்றாவதும் கழன்றது. நாலாவது நட்டில் ஸ்பானரைப் போட்டுவிட்டு நிறுத்தினாள்.

"என்னாச்சு?" என்றார் உடனே. காலைப் பிடித்திருந்த கை இறுகியது.

"ஒண்ணும் ஆகல. எனக்கு ஒண்ணு தெரியணும். அதைச் சொன்னாத்தான் இதைக் கழட்டுவேன்."

"வெளிய வந்து கேளு."

"வெளிய வந்தா நீங்க சொல்ல மாட்டீங்க. நாலு மாசம் வெளியிலதான் இருந்தேன், சொன்னீங்களா?"

"அக்கா, லோடு நாலு மணிக்குக்கா," என்றான் அரைமணி.

"உங்க அண்ணனைச் சொல்லச் சொல்லு. நான் என்ன பண்ணட்டும்?"

"சொல்லிடுண்ணே. எதுவா இருந்தாலும் சொல்லிடு. சாமி சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

கூரைத் தண்ணீர் டப்பாவில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சக்கரம் கழற்றிய இடைவெளியில் அவளுக்கு அவருடைய முழங்கால்கள் தெரிந்தன. ஈரத் தரையில் மண்டி போட்டிருந்தார்.

"சின்ன ஆபரேஷன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள். "ஒரு நாள் வேலை. பயந்தாங்கொள்ளியும் இல்ல நீங்க. அப்புறம் ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"ஆபரேஷன் பண்ணா ஒரு மாசம் குனியக் கூடாதாம்," என்றார். "பாரம் தூக்கக் கூடாதாம். தூசி படக் கூடாதாம்."

"சரி. குனிய வேணாம். அதுக்கென்ன?"

"ஒரு மாசம் நான் குனியலைன்னா யாரு குனிவா?"

அவள் ஸ்பானரிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆள் கிடைக்கிற வரைக்கும் பொறுப்பியா நீ? வந்து நிக்கிற வண்டியைத் திருப்பி அனுப்புவியா? நீதான் பலகையை இழுத்துப் போட்டுக்கிட்டு உள்ள போவே. எனக்குத் தெரியும். இதோ, இப்ப எங்க படுத்திருக்கே? அதான் சொல்லல. நீ உள்ள போயி நான் வெளிய நிக்கிறதை நினைச்சுப் பார்த்தேன். என்னால முடியலம்மா. அதுக்கு ஒரு கண்ணு இல்லாமலே காலத்தை ஓட்டிடலாம்னு தோணிச்சு."

அரைமணி சத்தமில்லாமல் தன் வண்டியின் பின்பக்கம் போய் நின்றுகொண்டான்.

அவள் தலைக்கு மேலிருந்த இரும்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணில் நீர் வந்து காதுப் பக்கமாக வழிந்தது. துடைக்கக் கை முழுக்க கிரீஸ்.

"இருபத்திரெண்டு வருஷமா நான் வெளியிலதான் நின்னேன்," என்றாள். "நீங்க உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் நான் மூச்சு விட்டேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. அடுப்புல பால் பொங்கிக் கீழே ஊத்தினாலும் நகர மாட்டேன். ஒரு நாளாவது போகாதீங்கன்னு சொல்லியிருக்கேனா? போங்கன்னுதானே சொன்னேன்."

கணுக்காலில் இருந்த கை இன்னும் கொஞ்சம் இறுகியது.

"வர்ற திங்கக்கிழமை போலாம்," என்றார்.

"நாளைக்கு."

"சரி. நாளைக்கு."

அவள் குழாயைப் பிடித்து இழுத்தாள். நாலாவது நட்டு, இவ்வளவு நேரம் இதற்காகத்தான் காத்திருந்தது போல, ஒரே இழுப்பில் கழன்றது. உள்ளங்கையில் ஏந்தி ஓரமாக வைத்தாள். இனி பட்டையின் நுனியைச் சேஸோடு கோத்திருக்கும் இரும்பு முள்ளைத் தட்டி எடுக்க வேண்டும். அதற்குப் பெரிய சுத்தி உதவாது.

"சின்ன சுத்தி குடுங்க," என்றாள்.

சாமான் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அவள்தான் வைத்தாள். அவரிடமிருந்து நாலு அடி தூரம். எழுந்து இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். இடைவெளியில் அவருடைய முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை தரையை விட்டு எழவில்லை.

"தம்பி," என்று அவர் அரைமணியைக் கூப்பிடுவது கேட்டது. "அந்தப் பெட்டியக் கொஞ்சம் இப்படி இழுத்து வைப்பா. எனக்குக் கை ஒழியல."